பூமணி அக்காவுக்குப் போட்ட சும்மா ஊசி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஊசி எப்படிக் குத்துவது என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. எந்தத் தசை, எவ்வளவு ஆழம், எந்தக் கோணம் என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் வண்ணப் படங்களோடு இருக்கின்றன. நான் எழுத வந்தது, நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி. இரண்டே இரண்டு சொல். அதைச் சொல்ல ஒரு விநாடி எடுத்தது, செமிக்கப் பன்னிரண்டு நாள் எடுத்தது. கடைசியில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்பதால் பயப்படாமல் வாசியுங்கள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. விசுவமடுப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே இயன்மருத்துவப் பிரிவு, அதாவது பிசியோதெரபி, என்றால் நானும் ஓர் அறையும்தான். ஒரு கட்டில், இரண்டு கதிரை, மணல் நிரப்பிய சில பைகள், முன்சில்லைக் கழற்றித் தரையில் பூட்டிய ஒரு சைக்கிள். முழங்கால் மடங்காதவர்கள் அந்தச் சைக்கிளில் ஏறி எங்கும் போகாமல் மிதிப்பார்கள். போரினால் மருந்துகள் தடைகளைத் தாண்டி வரவேண்டிய காலம் அது. நோவுக்குக் கொடுக்கும் குளிசை வந்தால், வந்த செய்தி குளிசையை விட வேகமாக ஊருக்குள் போய்விடும். வந்ததும் சிறு பிள்ளைகளுக்கும் காயக்காரருக்கும் என்று பிரித்தால் என் அறைக்கு வரும் கைநோ, தோள்நோக்காரருக்கு மிஞ்சுவது சுடுதண்ணீர் ஒத்தடம் மட்டும்தான்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டு மருத்துவர் இரண்டு வாரம் வந்து தங்கினார். உலர் ஊசி என்னும் முறையை எங்கள் பொறுப்பு மருத்துவருக்கும் எனக்கும் ஒரு தாதிக்கும் பழக்கிவிட்டுப் போனார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் தசையில் முடிச்சு விழும். முடிச்சு இருப்பது ஓரிடம், நோகுவது வேறிடம். மருந்து எதுவும் இல்லாத மெல்லிய ஊசியை அந்த முடிச்சுக்குள் விட்டால் தசை ஒரு தரம் துள்ளும். தூண்டிலில் மீன் கொத்தினால் கையில் தெரியுமே, அப்படி. பிறகு இளகும். அந்த மனிதர் எங்கள் மூவருக்கும் முதலில் குத்தினார். தான் குத்து வாங்காதவர் பிறருக்குக் குத்தக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். எனக்கு என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லித்தான் குத்தினார். குத்தியதை நான் நன்றாகப் படித்தேன், சொன்னதைப் படிக்கவில்லை.

அவர் கொண்டுவந்த ஊசிகள் முடிந்த பிறகு சாதாரண ஊசிகளில் மெல்லியதைத் தேர்ந்து எடுத்தோம். பிடிக்க வசதியாக அதன் பின்னால் ஒரு வெறும் சிரிஞ்சைப் பூட்டிக்கொள்வேன். எல்லா வில்லங்கமும் அந்தச் சிரிஞ்சில்தான் தொடங்கியது.

பூமணி அக்காவை அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. நாற்பத்தெட்டு வயதிருக்கும். காலை ஆறரைக்கு இடுப்பில் ஒரு பெரிய பேசினோடு சந்திக்கு வருவா. பேசினுக்குள் வாழையிலைக்குக் கீழே ஆவி பறக்கும் சிவப்பு இடியப்பம். சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் பாதி, எங்கள் ஆஸ்பத்திரி ஆட்களுக்குப் பாதி. கணவர் காலமான பிறகு ஒரே மகள் வதனியைப் படிக்க வைத்து ஆளாக்கியது இடியப்பம் பிழியும் அந்த உரல்தான். என் காலைச் சாப்பாடும் அவவின் கையை நம்பித்தான் நடந்தது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். ஆகவே ஒரு புதன்கிழமை அவ வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி என் அறை வாசலில் நின்றபோது எனக்கு இரட்டைக் கவலை.

முழங்கையின் வெளிப்பக்கம் நோ. கொதிதண்ணீர்க் கேத்தில் தூக்க ஏலாது, துணி பிழிய ஏலாது, உரலை அமத்த ஏலாது. துண்டுச் சீட்டில் தாதி 'டெனிஸ் எல்போ' என்று எழுதியிருந்தா. வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த யாரோ அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, பூமணி எப்பவடி டெனிஸ் விளையாடப் போனனீ என்று கேட்க வாங்கு முழுக்கச் சிரிப்பு. பூமணி அக்கா என்னிடம் மெல்லிய குரலில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னா, தான் சின்ன வயதில் கிளித்தட்டு மட்டும்தான் விளையாடினதாம்.

பிறகு விஷயத்துக்கு வந்தா. பன்னிரண்டு நாளில் வதனிக்குக் கலியாணம். மாப்பிள்ளை துணுக்காயில் வயல் செய்கிற பெடியன். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பன் பதினேழு இடியப்பம் சாப்பிட்டாராம். சீதனக் கதை வந்தபோது அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் நாளே ட்ரக்டரில் வந்து தங்கப் போகிற தன் ஆட்கள் அறுபது பேருக்கும் கலியாணத்தன்று காலை, சம்பந்தியின் கையால் பிழிந்த இடியப்பம். அவர் பகிடியாகத்தான் கேட்டிருப்பார். பூமணி அக்கா அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

"என்ரை பிள்ளையை நான் இந்தக் கையாலைதான் தம்பி வளத்தனான். அண்டைக்கு மட்டும் வேறை ஆற்றையும் கையோ?" என்று கேட்டா. கேட்டபோது கண் கலங்கியிருந்தது.

நான் கையைத் தடவிப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மூன்று விரல் கீழே, முன்கைத் தசைக்குள், கச்சான் கொட்டை அளவில் முடிச்சு. ஊசியை எடுத்தேன். அவ முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கேட்டா, என்ன மருந்து தம்பி என்று. வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. வெறும் ஊசி என்று சொன்னால் ஏன், எதற்கு என்று அரை மணித்தியாலம் கதைக்க வேண்டும். தடைக் காலத்தில் மருந்தில்லாத ஊசி என்றால் யார் நம்புவார்கள்?

"நல்ல மருந்து" என்றேன்.

அதுதான் அந்த இரண்டு சொல். தசை துள்ளியது, அவ ஆவென்றா, வேலை முடிந்தது. அடுத்த நாள் காலையில் வாழையிலைச் சுருள் ஒன்றோடு வந்தா. அதற்குள் பதினைந்து இடியப்பம், தனியாகச் சம்பல். நோ முக்கால்வாசி போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் இன்னும் இப்படி ஒரு மருந்து இருக்கிறதே, கடவுள் கண் திறந்துதான் இருக்கிறார் என்று சொன்னா. எனக்குத் தலைகால் தெரியவில்லை. அந்த இடியப்பத்தை நான் மிகுந்த பெருமையோடு சாப்பிட்டேன், ஒன்றைக்கூட ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை என் அறைக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். தோள்நோ, இடுப்புநோ, முழங்கால்நோ, பல்நோக்காரர் ஒருவர்கூட. மாட்டு வண்டில் பிடித்துத் தன் தகப்பனைக் கொண்டுவந்த ஒருவரும் நின்றார். எல்லாருக்கும் வேண்டியது 'பூமணி அக்காவுக்குப் போட்ட மருந்து'. சந்தியில் அவ ஒரு வாரத்துக்குச் சொல்ல வேண்டியதை இரண்டு நாளில் சொல்லி முடித்திருந்தா. வரிசையின் முதலில் அவவே நின்றா, இரண்டாவது ஊசிக்காகச் சட்டைக் கையை ஏற்கெனவே சுருட்டி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு.

அப்போது பொறுப்பு மருத்துவர் என்னைக் கூப்பிடுவதாக ஆள் வந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண் மருத்துவர் அவா. அதட்டமாட்டா. அதட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மருந்துக் களஞ்சியப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, என்னுடைய களஞ்சியத்தில் இல்லாத மருந்து உமக்கு எங்கையிருந்து வந்தது என்று கேட்டா. நான் நடந்ததைச் சொன்னேன். நோ குறைந்ததுதானே, ஒருவருக்கும் தீங்கில்லையே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. நாளைக்கு ஒரு தாய் காய்ச்சல்காரப் பிள்ளையோடு வந்து நிற்பா, மருந்து இல்லை என்று நான் சொல்லுவேன், பிசியோவின் அறையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அந்தத் தாய் நினைத்தால் நான் என்ன செய்ய என்று கேட்டா. 

"இஞ்சை எல்லாம் முடிஞ்சு போச்சு தம்பி. எங்கட வாய்ச்சொல்லு ஒண்டுதான் மிச்சம் கிடக்கு. அதையும் நீர் செலவழிச்சுப் போடாதையும். வெளியிலை போய் நீரே சொல்லும்."

வெளியே போனேன். படியில் ஏறி நின்று, ஊசிக்குள் மருந்து எதுவும் இல்லை, வெறும் ஊசிதான், நான் பொய் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்.  பிறகு பல்நோக்காரர் பெருமூச்சு விட்டு எழும்பினார். வண்டில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தகப்பனைத் திருப்பிக் கொண்டுபோனார். ஒருவரும் ஏசவில்லை.

பூமணி அக்கா சட்டைக் கையை மெதுவாக இறக்கி விட்டா. ஊர் முழுக்க என் பெயரைச் சொல்லித் திரிந்தவ. இப்போது பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களின் முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றா.

"இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லியிருக்கலாம் தம்பி. நாங்கள் என்ன, இல்லையெண்ட சொல்லைக் கேட்டுப் பழகாத ஆக்களோ?"

அவ்வளவுதான். பேசினை எடுத்துக்கொண்டு போய்விட்டா. என் தொழில் வாழ்க்கையில் அதைவிடக் கடுமையான ஏச்சு நான் வாங்கியதில்லை.

பின்னேரம் தாதி ஒரு செய்தி கொண்டுவந்தா. பூமணி அக்காவின் கைநோ முழுதாகத் திரும்பி வந்துவிட்டதாம்.  அவவைச் சுகப்படுத்தியது ஊசியா, அல்லது என் பொய்யா? பொய்தான் என்றால் நான் படித்தது எல்லாம் வெறும் வித்தையா? ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் சந்திக்கு இடியப்பம் வரவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் வெறும் தேத்தண்ணியை என் முன்னால் வைத்த வைப்பில் பாதி சிந்தியது. தாதிமார் பழஞ்சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார்கள். பொறுப்பு மருத்துவர்கூட அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தா. பசி என்றால் மனிதருக்கு ஞாபகசக்தி கூடிவிடும்போல.

கலியாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை வெயில் ஏற முன் சைக்கிளில் அவவின் வீட்டுக்குப் போனேன். வதனிதான் படலையைத் திறந்தா. என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அம்மா குசினிக்குள்ளை, கதைப்பாவோ தெரியாது, ஆனால் அடிக்கமாட்டா என்றா.

குசினிக்குள் பூமணி அக்கா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தா. விற்க இல்லை, கை வருகிறதா என்று பார்க்க. ஒவ்வொரு தட்டுக்கும் முகம் சுருங்கியது. நான் நிலத்தில் குந்தினேன். பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கோ அக்கா என்றேன்.  வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், அந்த உரலை ஒருக்கால் என்னிடம் தாருங்கோ என்றேன்.

அவ யோசித்தா. பிறகு கண்ணில் ஒரு குறும்பு வந்தது. உரலை மாவால் நிரப்பி என் கையில் தந்தா. நீங்கள் யாராவது சிவப்பு அரிசி மாவில் இடியப்பம் பிழிந்ததுண்டா? இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்து மேலிருந்து அமத்த வேண்டும். ஒரு தட்டுக்கு ஆறு இடியப்பம். முதல் தட்டு வந்தது. மூன்றாவதில் வியர்த்தது. ஆறாவதில் மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்து முழு உடம்பையும் கொடுத்தேன். எட்டாவதில் உரலை நிலத்தில் வைத்துவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். நான் பிழிந்தவை இடியப்பம் மாதிரி இல்லை, கோழி கிளறிவிட்ட வைக்கோல் மாதிரி இருந்தன. வதனி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பூமணி அக்காவும் சிரித்துவிட்டா. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை எழுதத் தெரியவில்லை.

எங்கை நோகுது என்று கேட்டா. முழங்கையில் என்றேன். கொஞ்சம் கீழே பெருவிரலால் அமத்திப் பாருங்கோ என்று கையை நீட்டினேன். நாள் முழுக்கப் பிறர் தசையைப் பிசைகிற கை என்னுடையது, அங்கே எனக்கும் பழைய முடிச்சு ஒன்று உண்டு. அவ தேடிப் பிடித்து அமத்த நான் துள்ளி எழும்பினேன். பிறகு அவவின் கையில் அதே இடத்தை நான் அமத்தினேன்.

"நீங்கள் பிடிக்கிறது கீழை. நோகிறது மேலை முழங்கையிலையெல்லோ" என்றா, ஆச்சரியத்தோடு.

"ஓம் அக்கா. அந்த முடிச்சைத்தான் குத்தினனான். அது இளகத்தான் ஊசி. மருந்துக்கு அங்கை வேலை இல்லை."

அவ்வளவுதான் விளக்கம். ஒரு தட்டு இடியப்பம் பிழிகிற நேரம்கூட எடுக்கவில்லை. பதினொரு பேர் வெளியே நிற்கிறார்கள் என்று நான் மிச்சம் பிடித்த நேரம் இதுதான்.

இன்னொன்றும் அந்தக் குசினியில்தான் தெரிந்தது. சட்டியின் அடியில் இருந்த மா கல்லுப்போலக் கிடந்தது. முன்பெல்லாம் கொதிதண்ணீர் விட்டு மூன்று தரமாகக் குழைக்கிறவ, கேத்தில் தூக்கினால் கை நோகிறதென்று இப்போது ஒரேயடியாகக் குழைத்து வைத்திருந்தா. கடைசி நூறு இடியப்பமும் ஆறி இறுகிய மாவில். நோவுக்குப் பயந்து செய்த வேலை நோவைக் கூட்டியது. சனிக்கிழமை நோ திரும்பியதும் அதனால்தான் என்று எனக்குப் பட்டது. இரண்டு நாள் கை சுகமாக இருந்த சந்தோஷத்தில் அவ வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பிழிந்திருந்தா, எல்லாம் இறுகிய மாவில். என் பொய்யும் கொஞ்சம் சுகம் கொடுத்திருக்கலாம், இல்லையென்று சத்தியம் பண்ணமாட்டேன். மூன்று தரமாகக் குழையுங்கோ, கேத்திலை வதனி தூக்கட்டும் என்றேன். இடியப்பத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வந்தியளோ என்று கேட்டா. ஆனால் அன்று மாலையே மூன்று தரமாகக் குழைத்ததாக வதனி பிறகு சொன்னா.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தா, அதே இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களோடு. ஒரு நிபந்தனை. முதலில் என் கையில் குத்த வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும். நியாயம்தானே என்று நான் சொல்லி முடிக்கவில்லை, பின்னாலிருந்து பொறுப்பு மருத்துவரின் குரல்.

"கையைத் தாரும். நான் குத்திறன்."

அவா அந்த வேலையை அவ்வளவு ஆசையோடு செய்து நான் அதற்கு முன் கண்டதில்லை. சிரிஞ்ச் பூட்டாமல் ஊசியை மட்டும் எல்லாருக்கும் காட்டிவிட்டுக் குத்தினா. என் முன்கைத் தசை துள்ளியதை மூன்று பெண்களும் குனிந்து பார்த்தார்கள். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அவர்களுக்கு நம்பிக்கை இன்னும் கூடியது. பிறகு பூமணி அக்கா கட்டிலில் இருந்து கையை நீட்டினா. இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. நான் வேறொரு ஊசியை எடுத்து, என்ன செய்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவ ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றா. ஊசி முடிச்சைத் தொட்டதும் துள்ளல் தெரிந்தது. அட, உயிர் கிடக்கு உள்ளுக்கை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னா.

கையை மடக்கி நீட்டிப் பார்த்தா. இளகியிருக்கிறது என்றா. எனக்கு அழுகை வரப் பார்த்தது. பொய் இல்லாமலும் ஊசி வேலை செய்கிறது என்று அன்றுதான் எனக்கே உறுதியாகத் தெரிந்தது.

பிறகு கேட்டா, அந்தக் கேள்வியை. "அறுபது பேருக்கும் என்ரை கையாலை பிழிய ஏலுமோ தம்பி?"

அந்தக் கண்களைப் பார்த்தால் ஏலும் அக்கா என்றுதான் வாய் வரும். அதுவும் இரண்டு சொல்தான், அதுவும் நல்ல மருந்துதான். பொறுப்பு மருத்துவர் மேசையைத் துடைக்கிற சாட்டில் அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.  "தெரியாது அக்கா. முதல் ஐம்பது தட்டு ஏலும் எண்டு நினைக்கிறன். அதுக்கு மேலை பிழிஞ்சால் கை திரும்பவும் பிடிக்கும். மிச்சத்துக்கு வேறை கை வேணும்."

 கோபப்படுவா என்று நினைத்தேன். முதல் தட்டு சம்பந்தியின் இலையில் விழுந்தால் போதும் என்று சொல்லிவிட்டு எழும்பினா. சனிக்கிழமை இன்னொரு ஊசி போட்டோம். அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தா.

கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு. இடியப்பத்துக்காகவே விடிய எழும்பிப் போனேன். முற்றத்தில் பந்தல், பந்தலுக்குக் கீழே துணுக்காயிலிருந்து வந்த அறுபது பேரும் பாய்களில். குசினிப் பக்கம் நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பதமான மா, சூடான தண்ணீர், வதனியின் சித்தி கேத்திலோடு. மணப்பெண்ணை அன்று கேத்தில் தூக்க விடவில்லை. பத்து, இருபது, நாற்பது. பூமணி அக்காவின் முகம் சுருங்கவில்லை. ஐம்பதாவது தட்டு முடிந்ததும் ஒரு கணம் உரலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, உரலைக் கீழே வைத்தா. இன்னும் பிழியலாம் என்று அவவின் கை சொல்லியிருக்கும். ஆனாலும் வைத்தா.

முதல் தட்டுகளை முடித்துவிட்டு மாப்பிள்ளையின் தகப்பனான சம்பந்தி இன்னும் கேட்டார். பெரிய வயிறும் பெரிய மீசையும் உள்ள சந்தோஷமான மனிதர். மிச்சம் வேறு ஆட்கள் பிழிவதாகவும் காரணத்தையும் வதனியின் சித்தி சொன்னா. அந்த மனிதர் சாப்பிட்ட கையோடு எழும்பி, கையைக் கழுவி, குசினிக்குள் வந்து நின்றார். தன்னுடைய பகிடிக்காகவா இந்தப் பாடு என்று கேட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உரலுக்கு முன்னால் குந்தினார். கேட்டது நான், மிச்சத்தை நானே பிழிகிறேன் என்றார்.

கலியாண வீடு முழுக்கக் குசினி வாசலில். மாப்பிள்ளையே பட்டு வேட்டியோடு வந்து எட்டிப் பார்த்தான். சம்பந்தி பிழிந்த இடியப்பம் என்னுடையதை விட மோசம், அதில் எனக்கு இன்றுவரை ஒரு திருப்தி. ஆனாலும் இருபத்திரண்டு தட்டு பிழிந்தார். அவருடைய ஆட்கள் அவ்வளவையும் ஒரு சொல் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போகிற ட்ரக்டர் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ட்ரக்டரின் பின்பெட்டிக்குள் வதனி, மாப்பிள்ளை, வழியனுப்பச் சந்தி வரைக்கும் ஏறி வந்த பூமணி அக்கா, பாட்டுப் பாடிக்கொண்டு அரைவாசி ஊர். சம்பந்தி இறங்கி வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி என் அறைக்குள் வந்தார். முழங்கையின் வெளிப்பக்கம் நோ. வெளியே அன்றும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். நான் ஊசியை எடுத்தேன். அவர் சந்தேகமாக என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ளை என்ன மருந்து?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து பூமணி அக்கா பதில் சொன்னா.

"ஒரு மருந்தும் இல்லை, சம்பந்தி. சும்மா ஊசிதான். குத்திற ஆளே சொன்னவர்."

சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை. பூமணி அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, கையை என் முன்னால் நீட்டினார்.